தேயிலை மலைகளின் கனியப் பண்டங்கள்: ஒரு வரலாற்று அறிமுகம்

தமிழ் நிகண்டுகள் பொருள்களை அவை தோன்றும் இடம்பற்றி மலைபடு பொருள், காடுபடு பொருள், நாடுபடு பொருள், நகர்படு பொருள், கடல்படு பொருள் என ஐவகைப்படுத்தும். இவற்றுள் மலைபடு பொருளாக எண்ணப்பட்டவை மிளகு, கோட்டம், அகில், தக்கோலம், குங்குமம் என்னும் ஐந்துமாம். ஐந்தும் தாவரம் தருவன. மலையின் உடலாகிய கல்லிலிருந்தோ மண்ணிலிருந்தோ பெறப்படும் பொருள் ஒன்றேனும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இலங்கையின் மத்திய மலைநாட்டைப் பற்றிய நமது இன்றைய அறிவும் பெரும்பாலும் இந்நிலையிலேயே நிற்கின்றது. நுவரெலியாவிலும் அட்டனிலும் மலைபடு பொருள் யாதென வினவின், தேயிலை என்பதே எவரும் கூறும் விடை. மலையக வரலாறு எழுதியோரும் கோப்பி, சிங்கோனா, தேயிலை என்னும் பயிர்களின் வரிசையிலேயே காலத்தைப் பகுத்தனர். ஆயின், பயிர் நின்ற மண்ணும், மண்ணுக்கு இடப்பட்ட உரமும், கொழுந்தை அரைத்த இரும்பும், தூளைப் பொதிந்த ஈயமும், தொழிலாளர் தலைக்குமேல் நின்ற தகரமும் கனியங்களே. தேயிலைப் பொருளாதாரம் தொடக்கமுதல் ஒரு கனியப் பொருளாதாரமாகவும் இருந்துவந்துள்ளது என்பதையும், அக்கனியங்களைச் சுமந்தவர்க்கும் கையாண்டவர்க்கும் அவற்றோடிருந்த உறவு எத்தகையது என்பதையும், புவிச்சரிதவியற் பயிற்சி இல்லாத வாசகரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துக்கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கனியமும் கனியப் பண்டமும்

இயற்கையில் தோன்றி, குறித்த இரசாயன அமைப்பும் பளிங்கு அமைப்பும் உடைய திண்பொருளைக் கனியம் என்பர். கனியங்கள் பல ஒன்றாய்ச் செறிந்தது பாறை. ஓர் உலோகத்தை இலாபகரமாகப் பிரித்தெடுக்கத்தக்க அளவுக்கு அதனைக் கொண்டுள்ள பாறை தாது எனப்படும். இம்மூன்றும் இயற்கை பற்றிய சொற்கள். கனியப் பண்டம் என்பதோ மனிதன் பற்றிய சொல். ஒரு கனியம் எவருக்கேனும் பயன்பட்டு, அதற்கு ஒரு விலையும், விற்போரும், கொள்வோரும், சுமப்போரும் ஏற்படும்போதே அது பண்டமாகின்றது. எனவே கனியத்தின் வயது கோடிக்கணக்கான ஆண்டாயினும், கனியப் பண்டத்தின் வயது சில பத்தாண்டுகளாகவும் இருத்தல் கூடும்.

இதற்கு இலங்கையிலிருந்தே இரு சான்றுகள் தரலாம். முதலாவது காரீயம். பழைய தமிழில் ஈயத்தின் ஒரு வகையைக் குறித்த இச்சொல், இலங்கைத் தமிழில் பென்சிலுக்கு உதவும் கரியை உணர்த்தலாயிற்று. உண்மையில் அதில் ஈயம் சிறிதும் இல்லை. அது தூய காபன். பொகல, கஹட்டகஹ ஆகிய இடங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்துள்ள இலங்கைக் காரீயம் தூய்மையாற் சிறந்தது. உருக்கை உருக்கும் மூசைகள் செய்ய உலகம் அதனை வேண்டிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1916இல், ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன்னை எட்டியது. யுத்தம் முடிந்ததும் சரிந்தது. பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் பிரித்தானிய மூலதனத்தின் கையில் இருக்க, காரீயம் உள்நாட்டு முதலாளிகள் பலரை உருவாக்கியதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயத்தாற் செல்வம் ஈட்டியவராவர்.

இரண்டாவது சான்று தோரியனைற்று. 1903இல் தொடங்கப்பெற்ற இலங்கைக் கனிய அளவையின் முதல் இயக்குநராக 1906 வரை பணியாற்றியவர், பிற்காலத்தில் கலை வரலாற்று ஆசிரியராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி (1877-1947). சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய இவர், பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கரிய, கனத்த மணிகளை 1904இல் இனங்கண்டார். அவை தோரியமும் யுரேனியமும் கொண்ட ஒரு புதிய கனியம் என்று தெளியப்பட்டது. வாயுவிளக்குகளின் ஒளிவலைக்குத் தோரியம் இன்றியமையாததாக இருந்த காலம் அது. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளை இலண்டனில் ஆராய்ந்த ஓட்டோ ஹான், 1905இல் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். மின்விளக்கு பரவியதும் ஒளிவலை மறைந்தது. அதனோடு தோரியத்துக்கிருந்த அவ்வேட்கையும் தணிந்தது. கல் மாறவில்லை, பண்டமே தோன்றி மறைந்தது.

2. மலையின் கல்

மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழைமையானவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பொருந்திய காலத்தில், நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. இவற்றுள் முதன்மையான ஒன்று சாணொக்கைற்று. இப்பெயர் வந்த வரலாறு தமிழ் வாசகர்க்குச் சுவை பயப்பது. சென்னையை அடுத்த பரங்கிமலையின் கரும்பாறையை ஆராய்ந்த தோமசு ஒலண்டு என்னும் அறிஞர், கல்கத்தாவில் யோபு சாணொக் என்பாரின் கல்லறை இவ்வகைக் கல்லால் அமைந்திருத்தலைக் கண்டு, 1893இல் அக்கல்லுக்கு அவர் பெயரை இட்டார். தமிழ்நாட்டின் மலைகள் பலவும் இலங்கை மலைநாடும் இவ்வகைப் பாறையால் ஆனவை. கோண்டுவானாவில் இவ்விரு நிலங்களும் அடுத்தடுத்து இருந்தன. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கடல்கடந்து வந்த தொழிலாளர் முன்பின் அறியாத நாட்டுக்கு வந்தனராயினும், அவர்கள் காலடியில் இருந்த கல் பெரும்பாலும் அவர்கள் ஊர்க்கல்லின் இனமே.

அக்கல்லே தோட்டத்தின் முதற் கனியப் பண்டமும் ஆயிற்று. காடு வெட்டி முடிந்த இடத்தில் பாதை அமைக்கவும், கான் வெட்டி மண்ணரிப்பைத் தடுக்கவும், சரிவுகளில் கல்வரிசை அடுக்கவும், தொழிற்சாலைக்கும் லயங்களுக்கும் சுவர் எழுப்பவும் கல் உடைக்கப்பட்டது. இக்கல்லுக்குச் சந்தையில் விலை இல்லை. அதனை உடைத்த உழைப்புக்கு மட்டுமே கணக்கிருந்தது. மலைநாட்டின் தேயிலைச் சரிவுகளை நோக்குவார் பச்சைப் போர்வையை மட்டுமே காண்பர். அப்போர்வையைத் தாங்கி நிற்கும் கல்வரிசைகள் கையால் அடுக்கப்பட்டவை என்பதை எண்ணிப்பார்ப்பவர் சிலரே.

இப்பாறைகளினிடையே சலவைக்கல் அடுக்குகளும் உள. இவை சுண்ணமும் மகனீசியமும் கொண்ட தொலமைற்று என்னும் கனியத்தைத் தருவன. பாறை சிதைந்து, ஆற்றால் அரித்துச் செல்லப்பட்டு, பள்ளத்தாக்குகளிற் படியும்போது கனமும் கடினமும் மிக்க மணிகள் பரலோடு தங்கிவிடும். மாணிக்கம் அகழ்வோர் இப்பரற்படையை ‘இல்லம்’ என்பர். நுவரெலியாச் சமவெளியில் முற்காலத்தார் மணிக்கற்களுக்காகத் தோண்டிய குழிகள் இருந்ததை, 1855இல் வெளிவந்த தமது நூலில் சாமுவேல் பேக்கர் விரித்துரைத்துள்ளார். ஆகவே, இம்மலைகளின் கனியச் சிறப்பைத் தோட்டத்துரைமார் முதலிற் கண்டனர் என்பது பொருந்தாது. அவர்கள் வருமுன்னரே மலை அகழப்பட்டிருந்தது.

3. இரும்பும் தகரமும்

மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனல வாவிப் பகுதியில், பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்புலைகள் இருந்தன. ஜில் ஜூலெப் என்னும் தொல்லியலாளர் அங்கு அகழ்ந்தும், அவ்வகை உலையைக் கட்டி இயக்கியும் இதனை நிறுவி, 1996இல் வெளியிட்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இவ்வுலைகள் செயற்பட்டன. மேற்கு நோக்கிய மலைமுகட்டில் உலை அமைத்து, தென்மேற்குப் பருவக்காற்றை அதனுள் ஈர்த்த அறிவு வியத்தற்குரியது.

அம்மரபின் இறுதிக் காலத்தைக் கண்டு எழுதியவரும் ஆனந்த குமாரசுவாமியே. கனிய அளவையின் பொருட்டு ஊரூராகச் சென்ற அவர், பலாங்கொடைக்கு அண்மையில் ஹத்தரபாகேயில் இரும்புருக்குதலையும் அலுத்நுவரவில் உருக்குச் செய்தலையும் நேரிற் பதிவுசெய்தார். அவ்வினைஞர் அப்போதே முதியவர். அவருக்குப்பின் கைத்தொழில் இல்லை. மலிவான இறக்குமதி இரும்பின் முன் அது நிலைக்கவில்லை.

அவ்விறக்குமதி இரும்பு மலைக்கு ஏறிய வழி தேயிலையின் வழியே. ஜேம்சு டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளில் தோன்றிய துரு நோய், இருபது ஆண்டுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. கோப்பிக் கொட்டையை உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பி, எஞ்சிய வேலையை அங்கு முடிக்கலாம். தேயிலைக் கொழுந்தோ பறித்த மறுநாளைக்குள் வாடி, அரைபட்டு, புளித்து, உலர்ந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு தோட்டமும் தன் நடுவே ஓர் ஆலையை வேண்டிற்று. உருளை இயந்திரங்கள், உலர்த்திகள், சில்லுகள், நீர்க்குழாய்கள் ஆகியவற்றோடு இரும்பு தொன் தொன்னாக மலையேறியது. புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் அடைந்தது, இச்சுமையை எளிதாக்கிற்று. ஆயினும் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குச் சுமை மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலுமே சென்றது. கொழுந்தரைக்கும் தட்டங்களில் பித்தளைப் பட்டைகள் பதிக்கப்பட்டன. பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம்.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். மலையகத்தில் எவரும் ‘தகரம்’ என வழங்கும் நெளிதகடு, சொற்பொருளின்படி தகரம் அன்று. தகரம் என்பது வெள்ளீயத்தின் பெயர். மண்ணெண்ணெய்த் தகரம் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் ஆனது. எனவே அதற்கு அப்பெயர் பொருந்தும். கூரைத்தகடோ நாகம் பூசிய இரும்பு. நாகம் தான் அரிபட்டு இரும்பைத் துருவினின்று காக்கும். நாகப்பூச்சுத் தேயுமட்டும் கூரை நிலைக்கும். தேய்ந்தபின் துரு துளையாகும். மழையிரவுகளில் லயத்தின் கூரை ஒழுகும் துன்பத்தைப் பல தலைமுறையினர் அறிவர். பொருளாதார நோக்கில் அத்துன்பம், புதுப்பிக்கப்படாத ஒரு நாகப்பூச்சின் வரலாறே.

4. தூளைப் பொதிந்த ஈயம்

தேயிலைத் தூள் ஈரத்தையும் மணத்தையும் எளிதில் உறிஞ்சும். ஆகவே கப்பற் பயணத்தில் அதனைக் காற்றுப் புகாது காக்க, மரப்பெட்டியின் உட்புறம் ஈயத்தகடு இடும் வழக்கம் சீனத்திலிருந்து வந்தது. ஈயம் மென்மையானது, மெல்லிய தாளாக அடிக்கத்தக்கது, துருப்பிடிக்காதது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் தகட்டின் விளிம்புகள் ஒட்டப்பட்டன. 1873இல் லூல்கந்துரவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முதற்பொதி 23 இறாத்தல் மட்டுமே. நூற்றாண்டு முடிவதற்குள் ஏற்றுமதி கோடிக்கணக்கான இறாத்தலாயிற்று. அவ்வளவு தூளுக்கும் பெட்டியும் ஈயமும் வேண்டியிருந்தன. இலங்கையில் ஈயம் அகழப்பட்டதில்லை. எனவே ஏற்றுமதிக்கு விளைந்த ஒவ்வொரு பெட்டித் தேயிலைக்கும் ஓர் இறக்குமதிக் கனியம் முன்னே வந்தாக வேண்டியிருந்தது.

ஈயம் உடலுக்குத் தீங்கானது என்பது பழைய அறிவே. உருகிய பற்றாசின் புகையைச் சுவாசித்தல் நன்றன்று. இருபதாம் நூற்றாண்டில் அலுமினியத்தாள் ஈயத்தின் இடத்தைப் பெற்றது. 1886இல் மின்பகுப்பு முறையால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழி கண்டறியப்பட்டபின் அது மலிவான உலோகமாயிற்று. பின்னர் மரப்பெட்டியும் மறைந்து பல்படைத் தாட்பைகள் வந்தன.

இங்கு ஓர் ஒற்றுமையைக் குறிப்பிடல் தகும். இரத்தினபுரியின் நீலக்கல்லும் மாணிக்கமும் அலுமினிய ஒட்சைட்டே. அமில மண்ணில் வாழும் தேயிலைச்செடி அலுமினியத்தை மிகுதியாக உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளிற் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அரசர் முடியில் மணியாகவும், தேயிலைப் பெட்டியில் உறையாகவும், செடியின் முற்றிய இலையில் அணுவாகவும் இருப்பது ஒரே மூலகமாகும். விலையை வகுத்தது கனியத்தின் இயல்பு மட்டுமன்று. அது நின்ற உருவும் அதனை வேண்டியோரின் நிலையுமே.

5. மண்ணுக்கு ஊட்டிய கனியங்கள்

தேயிலைக் கைத்தொழிலின் மிகப்பெரிய கனிய நுகர்வு உரமே. பதப்படுத்திய தேயிலை 100 கிலோவில் ஏறத்தாழ 4 கிலோ நைதரசனும், 2 கிலோ பொற்றாசியமும், அரைக் கிலோவுக்குக் குறைந்த பொசுபரசும் உள்ளன. கொழுந்து பறித்தல் என்பது மண்ணிலுள்ள இம்மூலகங்களைப் பறித்தலுமாகும். காடழித்த மண்ணில் சேர்ந்திருந்த வளம் முதற் சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோயிற்று. மலைச்சரிவின் மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது. கோப்பிக் காலத்திலேயே இது உணரப்பட்டிருந்தது. இலங்கைக் கோப்பி மண்களையும் உரங்களையும் பற்றி ஜோன் ஹியூஸ் 1879இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தேயிலை மண்களைப் பற்றிக் கெல்வே பாம்பர் 1900இல் எழுதினார். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்று இவ்வாய்வைத் தொடர்ந்தது.

நைதரசன் காற்றில் நிறைந்திருப்பினும் பயிர் அதனை நேரே கொள்ளமாட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் தென்னமெரிக்காவின் பறவையெச்சப் படிவுகளையும் சிலி நாட்டு வெடியுப்பையும் அகழ்ந்து நைதரசனைப் பெற்றது. நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும்போது பக்கவிளைவாக அமோனியம் சல்பேற்றுக் கிடைத்தது. 1913இல் ஜெர்மனியில் காற்று நைதரசனையே அமோனியாவாக்கும் ஆலை இயங்கத் தொடங்கியபின், நைதரசன் உரம் சுரங்கத்தை விட்டு ஆலைக்கு மாறியது. பொற்றாசிய உப்பு 1861 முதல் ஜெர்மனியின் ஸ்டாஸ்பேர்ட் பகுதியில் அகழப்பட்டது. பின்னர் கனடா முதலிய நாடுகளிலும் பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. ஆதியிற் கடலாயிருந்து வற்றிய உப்பு, கடல்கடந்து வந்து மலையுச்சியில் தூவப்படலாயிற்று.

தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. ஆயினும் அமோனியம் சல்பேற்றை ஆண்டுதோறும் இட்டுவரின் மண் அளவுக்கு மிஞ்சி அமிலமாகும். மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துச் செல்லும். இக்குறையைத் தீர்ப்பது தொலமைற்று. மாத்தளை, திகன முதலிய இடங்களின் சலவைக்கல்லை அரைத்துப் பெறும் இவ்வெண்தூள், செடியைக் கவ்வாத்துச் செய்யும் காலத்தை ஒட்டி மண்ணில் இடப்படும். மலைநாட்டுப் பாறையே மலைநாட்டு மண்ணுக்கு மருந்தாகும் இவ்வுறவு குறிப்பிடத்தக்கது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது செம்புச் சேர்வைகள் தெளிப்பு மருந்தாக வந்தன. இலங்கையில் 1971இல் செருவிலவில் செம்புத்தாது கண்டறியப்பட்டதாயினும், அது வணிக அளவில் அகழப்படவில்லை. தோட்டத்துச் செம்பு முழுவதும் வெளிநாட்டுச் செம்பே. நாகக் குறைவு தோன்றிய செடிகளுக்கு நாக சல்பேற்றுத் தெளிக்கப்பட்டது.

இவ்வாறு, ஒரு தேயிலை மலையில் பெரட்டு முடிந்து வேலைக்குப் பிரிந்தோர் கையிற் சென்றவை பல கண்டங்களின் கனியங்கள். உரமூடை களஞ்சியத்திலிருந்து மலைக்குச் சுமந்து ஏற்றப்பட்டது. கையால் அள்ளிச் செடியடியில் தூவப்பட்டது. தோட்டக் கணக்கில் உரம் அந்தரிலும் தொன்னிலும் எழுதப்பட்டது. தூவியவர் ‘பேர்’ என எண்ணப்பட்டார். எந்த உரம் எங்கிருந்து வந்தது, அது கைக்கும் கண்ணுக்கும் மூச்சுக்கும் என் செய்யும் என்பன அக்கணக்கேடுகளில் இடம்பெறும் செய்திகள் அல்ல.

6. எப்பாவல தரும் பாடம்

1971இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் அப்பதைற்று என்னும் பொசுபேற்றுக் கனியத்தின் பெரும்படிவைக் கண்டறிந்தது. அதன் மொத்த அளவு ஏறத்தாழ 6 கோடித் தொன் என மதிப்பிடப்பட்டது. இப்பொசுபேற்று நீரில் எளிதிற் கரையாதது. எனவே குறுகிய காலத்தில் விளையும் நெல்லுக்கு உடனடியாகப் பயன்படாது. ஆயின், நீண்டநாட் பயிரான தேயிலையின் அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து பயன் தரும். இதனால் எப்பாவலப் பாறைத்தூள் தோட்டங்களின் உரக்கலவையிற் சேர்ந்தது. இறக்குமதி செய்யப்பட்டுவந்த ஒரு கனியத்துக்கு உள்நாட்டிலேயே மாற்று கிடைத்தது.

1990களில் இப்படிவை ஐக்கிய அமெரிக்க நிறுவனமொன்றின் பங்கோடு பேரளவில் அகழும் திட்டம் உருவாயிற்று. அப்பகுதி விவசாயிகளும் விகாராதிபதி ஒருவருமாக எழுவர் உயர் நீதிமன்றத்தை நாடினர். தம் வயலும், வீடும், குளமும், தொழிலும் அழியும் என்பது அவர்தம் முறையீடு. 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு அவர்கட்குச் சார்பாக அமைந்தது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்கும் வருங்காலத்தவர்க்கும் பொறுப்பாளராக நின்று காக்கவேண்டும் என்னும் கருத்து அத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

இவ்வழக்கு நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. கனியத்துக்குரியார் யார் என்னும் வினாவுக்குச் சட்டம் தெளிவான விடை தருகின்றது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அவை அரசுக்குரியன. ஆயினும் நிலத்தின் மேற்பரப்பில் வாழ்வோர் வாய்திறக்கும் வலிமை, அவர்க்கு அந்நிலத்தில் உள்ள உரிமையிலிருந்தே பிறக்கின்றது. எப்பாவல விவசாயிகள் தம் வயலைச் சுட்டிக்காட்ட முடிந்தது. மலையகத் தொழிலாளி எதனைச் சுட்டுவார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அக்குறை முற்றாக நீங்க 2003 வரை சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் அனைத்திலும் லயத்தில் வாழ்ந்தவர்க்கு லயமும் அதன் வாசலும் உரிமையாகவில்லை. அண்மைக் காலத்தில் வீடமைப்புத் திட்டங்களின்கீழ் சிலருக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தமை ஒரு தொடக்கம் மட்டுமே.

7. மணிக்கல்லும் மறுக்கப்பட்ட பங்கும்

இவ்வுரிமையின்மை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் பொகவந்தலாவை. கெசெல்கமு ஓயா அப்பள்ளத்தாக்கினூடாகப் பாய்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகின்றது. ஆற்றங்கரையிலும் தேயிலை நிலத்தின் அடியிலும் மணிக்கற் பரல் உண்டு. அனுமதியின்றி மாணிக்கம் அகழ்ந்தோர் கைதாகும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி வருவது. ஆறு கலங்குகின்றது, கரை இடிகின்றது என்பன உண்மையான குறைகளே. அவற்றை நாம் ஒதுக்கவில்லை. ஆயின் செய்தியின் மறுபக்கமும் காணத்தக்கது.

இலங்கையின் மாணிக்க அகழ்வில் ஒரு பங்கீட்டு மரபு நெடுங்காலமாக உண்டு. நிலத்துக்குரியவர், உரிமப்பத்திரம் பெற்றவர், முதலிட்டவர், குழியில் இறங்கியவர் ஆகியோர் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வர். 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையும் ஏற்பட்டபின், உரிமப்பத்திரம் பெற நிலவுரிமையோ நிலத்துக்குரியவரின் இசைவோ வேண்டப்பட்டது. ஊர்ப்புறத்தில் ஒரு துண்டு நிலமுடைய விவசாயி இம்மரபினுள் பங்காளியாக நுழையலாம். நிலமற்ற தோட்டத் தொழிலாளிக்கு அவ்வாயில் அடைபட்டே கிடக்கின்றது. தாம் ஐந்து தலைமுறையாகக் கொத்திய மண்ணின் கீழிருக்கும் கல்லை அவர் எடுத்தால், சட்டத்தின்முன் அது களவு. இதனால் களவை நாம் நியாயப்படுத்துகின்றோம் அல்லோம். குற்றம் பிறக்கும் இடத்தைச் சுட்டுகின்றோம்.

கனியத்தின் இருப்பு மட்டுமன்றி இன்மையும் முதலில் இவர்களையே தாக்கும் என்பதை 2021 காட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டதாயினும், அப்போது நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்தது. உரத்தின் விலையோ எட்டாத உயரத்துக்குச் சென்றது. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25.1 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. புள்ளிவிவரம் இதனை நாட்டின் இழப்பாகக் கூறும். மலையில் அதன் பொருள் வேறு. கொழுந்து குறைந்த மலையில் நாளுக்குரிய கிலோ நிரம்பாது; நிரம்பாவிடின் அன்றைக்கு அரைப்பேர். செடிக்குக் கிடைக்காத நைதரசன், மாலையில் தராசின்முன் நின்ற பெண்ணின் சம்பளத்திற் குறைந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தேயிலை மலைகள் கனியங்களைப் பெற்றும், நுகர்ந்தும், ஏற்றுமதித் தூளோடு வெளியே அனுப்பியும் வந்தமை விளங்கும். கல்லும் தொலமைற்றும் மணிக்கல்லும் இந்நாட்டின. இரும்பும் நாகமும் ஈயமும் செம்பும் பொற்றாசியமும் பிறநாட்டின. இவையனைத்தும் சென்ற வழியில் ஒருவகைக் கைகள் தவறாது இருந்தன. அக்கைகளுக்குரியார் கனிய வரலாற்று நூல்களில் சுரங்கத் தொழிலாளராக இடம்பெற்றிலர். தேயிலை வரலாற்று நூல்களில் கொழுந்து பறிப்போராக மட்டுமே இடம்பெற்றனர்.

இவ்வறிமுகம் ஒரு முதல்முயற்சியே. இத்துறையிற் செய்யவேண்டிய பணி பெரிது. தோட்டங்களில் எஞ்சியுள்ள பழைய உரக் கணக்கேடுகளும், ஆலைப் பொருட் பட்டியல்களும், செக்ரோல் ஏடுகளும் கறையானுக்கு இரையாகுமுன் திரட்டப்படல் வேண்டும். ஒரு தோட்டத்தின் ஓராண்டு உரக் கணக்கையும் அதே ஆண்டின் செக்ரோலையும் அருகருகே வைத்து நோக்கினால், எத்தனை தொன் கனியம் எத்தனை பேரின் கையால் எத்தனை மலைக்கு ஏறியது என்பதை அறியலாம். உரம் தூவியோரும், பெட்டிக்கு ஈயம் ஒட்டியோரும், கல் அடுக்கியோரும் தம் நினைவிற் சேமித்துள்ள சொற்களையும் செய்திகளையும் கேட்டெழுதல் அதனினும் விரைந்து செய்யவேண்டிய பணி. மலையகத்தின் பள்ளிகளில் புவியியல் கற்கும் மாணவர், தம் பாட்டனாரிடம் முதல் வினாவைத் தொடுத்தலே இவ்வாய்வுக்கு நல்ல தொடக்கமாகும்.

நிகண்டின் மலைபடு பொருள் ஐந்தினுள் கல் இல்லை. நமது மலையக வரலாற்றுள்ளும் இதுவரை அஃது இல்லை. அதனைச் சேர்க்கும்போது, கல்லைச் சுமந்தவரையும் உடன் சேர்த்தெழுதுதல் நம் கடன்.